லிட்டியா பெயர் வராத கடிதம்

ஃபிஜி,
21 ஜனவரி 2024

அன்பு பூவிழிக்கு,

உன் வளவன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாட்டுக்கும் குறையில்லை. நீயும் அம்மாவும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

கடிதமா என்று சிரிக்காதே. இந்தத் தீவில் போன் கிடையாது. டவர் இல்லாமல் இல்லை; போன் இல்லாத தீவு என்று சொல்லித்தான் விடுதிக்காரர்கள் இதை விற்கிறார்கள். படகை விட்டு இறங்குகிற விருந்தாளிக்குக் கழுத்தில் பூமாலை போட்டு, கையிலிருக்கிற போனை வாங்கி ஓலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். போன் இல்லாமல் இருப்பதற்கு விருந்தாளிகள் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள். நம் ஊரில் கரண்டு போனால் இலவசமாகவே கிடைக்கும். வேலை செய்கிறவர்களின் போன்கள் நாடி நகரத்து ஆபீசில் கிடக்கின்றன. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு லீவு. அன்று படகில் அங்கே போய் உன்னைக் கூப்பிடுவேன், வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம். நடுவில் இந்தக் கடிதம். முனிசாமி என்கிற படகுக்காரர் தபாலில் போடுவார். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்ட நம் பக்கத்திலிருந்து கப்பலேறியவராம். முனிசாமிக்குத் தமிழில் தெரிந்தது 'சோறு', 'மாரியாத்தா', அப்புறம் இரண்டு கெட்ட வார்த்தை.

என் வேலை, வந்தவர்களைச் சும்மா உட்கார விடாமல் பார்த்துக்கொள்வது. காலையில் பவளப்பாறை மீன்களைக் காட்டக் கூட்டிப்போக வேண்டும். பத்து மணிக்கு லிட்டியா என்கிற பெண் ஓலையில் பாய் முடையக் கற்றுக்கொடுப்பாள். மத்தியானம் பக்கத்துக் கிராமத்துக்கு நடை. அங்கே தலையில் தொப்பி வைக்கக் கூடாது, தோள் தெரியக் கூடாது. கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தாலும் கழற்றச் சொல்வேன். மாலையில் கவா. ஒரு வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து கொட்டாங்கச்சியில் கொடுப்பார்கள். ஒருதரம் கை தட்டிவிட்டு வாங்க வேண்டும், ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், குடித்ததும் மூன்றுதரம் தட்ட வேண்டும். பார்த்தால் புதுத்தண்ணி வந்த வாய்க்கால் மாதிரி இருக்கும், குடித்தால் நாக்கு மரத்துப்போகும்.

வெள்ளிக்கிழமை நடப்பதைக் கேட்டால் அசந்துவிடுவாய். பக்கத்துத் தீவிலிருந்து ஆட்கள் வந்து, பழுக்கக் காய்ச்சிய கற்கள்மேல் நடக்கிறார்கள். அதற்கு முன்னால் அவர்களும் விரதம், பெண்டாட்டி பக்கம் போவதில்லை. எங்கேயோ இருக்கிற கடலுக்கு நடுவில் நம் காப்புக்கட்டு!

அம்மாவை மாத்திரையைத் தவறாமல் போடச் சொல். அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன்.

உன்
வளவன்


வடகுடி,
14 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பூவிழி வணக்கம். நானும் அத்தையும் சுகம். உங்கள் கடிதத்தைத் தபால்காரர் நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். முதலாளி ஃபாஜில் பாய், "என்னம்மா, லவ் லெட்டரா?" என்று கேட்க, கடைக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத்தான் எனக்கு அது வருகிறது.

சம்பா அறுத்தாயிற்று. நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை போட முடியாமல் குவித்து வைத்திருக்கிறோம். பனிக்கு ஈரம் ஏறிவிடுமோ என்று அத்தை பகலெல்லாம் அங்கேயே காவல். நான் திருவாரூரிலிருந்து வேலை முடிந்து வரும்போது அவர்களை இழுத்துக்கொண்டு வருகிறேன்.

வைகாசி நாலாம் வெள்ளி தீமிதி. இது மூன்றாவது வருஷம், மறந்துவிடாதீர்கள். கொரோனாவில் நான் ஆக்சிஜன் வைத்துக் கிடந்தபோது, பிழைத்தால் மூன்று வருஷம் பூ மிதிக்கிறேன் என்று நீங்கள்தான் மாரியம்மனிடம் சொன்னீர்கள். இரண்டு வருஷம் சேறு மிதிக்கிற மாதிரி விடுவிடுவென்று நடந்து வந்தீர்கள். கடைசி வருஷம் பாக்கி வைத்தால் ஆத்தா என்னைத்தான் கேட்பாள். இப்போதே லீவு சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பாய் முடைகிற பெண்ணின் பெயரை எழுதினீர்களே, மீன் காட்டுகிறவர் பெயரை ஏன் எழுதவில்லை? சும்மா கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு
பூவிழி


ஃபிஜி,
10 மார்ச் 2024

அன்புப் பூவிழி,

நான் சுகம். நீ சந்தேகத்தோடு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மீன் காட்டுகிறவன் நான்தானடி. அதனால்தான் பெயர் எழுதவில்லை.

இங்கே கிடைக்கிற வேடிக்கைக்குக் குறைவில்லை. சனிக்கிழமை மண்ணில் குழி வெட்டிக் கல்லைக் காயவைத்து, கோழி, மீன், மரவள்ளி, சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் இலையில் சுற்றி உள்ளே அடுக்கி மூடிவிடுவோம். லோவோ என்று பெயர். திறக்கிற நேரத்தில் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து நான் ஒரு பேச்சு பேச வேண்டும். 'மெக்கே' என்று ஓர் ஆட்டம் உண்டு. பெண்கள் உட்கார்ந்தபடியே கையாலேயே கதை சொல்வார்கள். லிட்டியாதான் முன்வரிசை. நடவுப் பெண்கள் மாதிரி பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். ஐந்து பிள்ளை பெற்றவள், என் அம்மாவைவிடக் கொஞ்சம்தான் சின்னவள். போதுமா?

போன வாரம் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டே படகுத்துறையில் நடந்துகொண்டிருந்தேன். லிட்டியா பின்னாலிருந்து கத்துகிறாள், திரும்பினால் பலகையெல்லாம் ரத்தம். பாதத்தில் சங்கு கிழித்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. பேச்சு சுவாரசியம் அப்படி.

லீவு கேட்டுவிட்டேன். எதற்கு என்று மேனேஜர் கேட்டார். தீமிதிக்கு என்றேன். "நீயுமா நடப்பாய்?" என்று கண்ணை அகல விரித்தார். நான் கொஞ்சம் கூடவே அளந்துவிட்டேன். ஆபீஸ் முழுக்க இப்போது எனக்கு மரியாதை.

வைகாசியில் உன் முன்னால் நிற்பேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்
வளவன்


வடகுடி,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகம்தான் தெரியவில்லை.

இரண்டு முறை லீவு ஞாயிறு வந்து போய்விட்டது. உங்களிடமிருந்து போன் இல்லை. இரண்டு நாளும் அத்தை தலை சீவி, பொட்டு வைத்து, போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் கூப்பிட்டால் 'சுவிட்ச் ஆஃப்' என்கிறது. படகு ஓடவில்லையா? லீவு தரவில்லையா? ஒரு வரி எழுதக்கூடவா முடியாது?

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். உங்கள் பாதத்தில் ரத்தம் வந்தது உங்களுக்கே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நடந்துபோகிற ஆம்பளையின் பாதத்தை அவள் எதற்காகப் பார்த்துக்கொண்டு வந்தாள்? ஐந்து பிள்ளை என்று நீங்களாகவே எதற்குச் சொன்னீர்கள்? நான் வயசு கேட்கவில்லையே.

கோபப்படாதீர்கள். கண்ணால் பார்க்காத இடத்தைப் பற்றி மனசு எதையாவது போட்டு நிரப்புகிறது. உடனே பதில் போடுங்கள்.

பூவிழி


ஃபிஜி,
28 ஏப்ரல் 2024

அன்புள்ள பூவிழிக்கு,

நலம். அனைவர் நலமும் அறிய ஆசை.

வேலை அதிகம், அதனால் நாடிக்குப் போக முடியவில்லை. இது சீசன். விருந்தாளிகள் நிறைய. இங்கே பார்க்கவும் செய்யவும் எத்தனையோ இருக்கின்றன. தெளிந்த நீலக் கடலில் பவளப்பாறைகளைக் காணலாம். பாரம்பரிய முறையில் பாய் முடையலாம். அன்பான கிராம மக்களுடன் கவா அருந்தி மகிழலாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இனிய பாடல்களைக் கேட்கலாம். சூரியன் மறைகிற காட்சி மிகவும் அழகானது.

லீவு கிடைக்கவில்லை. வைகாசிக்கு வர முடியாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல். பாக்கியிருக்கிற வேண்டுதலை அடுத்த வருஷம் தீர்த்துவிடலாம் என்று பூசாரியிடம் கேட்டுப் பார்.

ஒரு விஷயம். இங்கே சமையல்காரர் ஒருவருக்குத் தீப்பட்டுவிட்டது. ஒரு மாதத்துக்கு மேலாகியும் புண் ஆறவில்லை. உன் கடையில் இருக்கிற மருந்தில் எதைப் போடலாம் என்று எழுது. அவர் பாவம், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்.

மற்றபடி ஒன்றுமில்லை.

வளவன்


வடகுடி,
17 மே 2024

மாமாவுக்கு,

சுகம்தான். எங்களை யார் என்ன செய்யப்போகிறார்கள்.

உங்கள் கடிதம் வந்தது. அதை எழுதியது நீங்கள்தானா? கையெழுத்து உங்களுடையது, பேச்சு உங்களுடையது இல்லை. சூரியன் மறைகிறது, கவா அருந்தி மகிழலாம். எனக்கு எதற்கு விளம்பரம்? நான் என்ன டிக்கெட் எடுத்து அங்கே வரப்போகிறேனா?

பாய் முடையலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று எழுதவில்லை. முதல் கடிதத்தில் அந்தப் பெயர் இருந்தது, அடுத்ததில் அதே பெயர்தான், இதில் ஓர் இடத்தில்கூட இல்லை. கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டேன். பெயர் இருந்தபோது விளையாட்டாகத்தான் கேட்டேன். இல்லாதபோதுதான் வயிறு எரிகிறது.

போன வாரம் அவசரத்துக்கென்று வைத்திருக்கிற தீவு ஆபீஸ் போனிலிருந்து பேசினீர்களே, "நல்லாருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று. பக்கத்தில் ஒரு பெண் குரல் உங்களை ஏதோ அதட்டியது. நீங்கள் 'உஷ்' என்றீர்கள். என் காது நன்றாகத்தான் கேட்கிறது.

நீங்கள் வரவில்லை என்று தெரிந்ததும் ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். "தப்புத்தண்டா பண்ணுனவன் தீயில எறங்குவானா? கால் சுட்டுப்புடும்னு அவனுக்கே தெரியும், அதான் வரல." கோயில்காரத் தெருவில் போன வருஷம் ஒருத்தருக்குக் கால் வெந்தபோது அவர் பெண்டாட்டியே அவரைச் சேர்க்கவில்லை, நினைவிருக்கிறதா? அதை வைத்துப் பேசுகிறார்கள். அத்தை எதிர்த்துச் சண்டைக்குப் போவார்கள் என்று பார்த்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

லீவு கேட்டாயிற்று, வருகிறேன் என்று எழுதிய கை இது. நடுவில் என்ன நடந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் சமையல்காரருக்கு சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு போடச் சொல்லுங்கள்.

பூவிழி


ஃபிஜி,
7 ஜூன் 2024

பூவிழிக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. லிட்டியாவைப் பற்றித் தவறாக எழுதாதே, அவள் நல்லவள். இதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்காதே.

இன்றைக்கு வைகாசி நாலாம் வெள்ளி, தீமிதி என்று தெரியும். இங்கிருந்தே கும்பிட்டுக்கொண்டேன்.

வளவன்


வடகுடி,
12 ஜூன் 2024

மாமாவுக்கு,

சுகம் கேட்டு எழுத மனமில்லை. ஆனாலும் கேட்கிறேன். சுகமா?

வேண்டுதல் தீர்ந்துவிட்டது. நான் தீர்த்தேன். காப்புக்கட்டு அன்று மஞ்சள் சேலையோடு போய்ப் பூசாரி முன்னால் கையை நீட்டினேன். "ஆம்பள வேண்டுனத பொம்பள தீக்கலாமா?" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். "வேண்டுனது என் உசுருக்குத்தானே, அப்ப நான் தீக்கலாம்" என்றேன். பூசாரி கட்டிவிட்டார். ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, வேலைக்கும் செருப்பில்லாமல்தான் போனேன். ஃபாஜில் பாய் கடை வாசலில் சாக்கு நனைத்துப் போட்டு வைத்தார், கால் சுடக் கூடாது என்று.

மேட்டூர் திறக்கவில்லை. குளத்தில் முழங்கால் தண்ணீர்தான். அதில் முழுகிவிட்டு வந்து தீயில் இறங்கினேன். குழிக்கு அந்தப் பக்கம் அத்தை நின்றார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறியதும் உட்காரவைத்துப் பாலை ஊற்றி, என் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கொப்புளம் இல்லை.

என் கால் சுடவில்லை மாமா. ஊர் பார்த்துவிட்டது. உங்கள் காலை யார் பார்ப்பது?

பூவிழி


ஃபிஜி,
5 ஜூலை 2024

என் பூவிழிக்கு,

நீ தீயில் இறங்கியதைப் படித்துவிட்டு அழுதேன். நான் சுகமாக இல்லை. இனிமேல் மறைக்க முடியாது, சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கல் மிதிக்கிறவர்கள் வரவில்லை. அவர்கள் ஊரில் ஒரு சாவு. விருந்தாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் என்னிடம் வந்தார். "உங்கள் ஊர்த் தீமிதியைக் காட்டேன், இதுவும் கலாசாரம்தானே" என்றார். முடியாது, அதற்கு விரதம் இருக்க வேண்டும் என்றேன். இரண்டாம்தரம் கேட்டபோது சரி என்றுவிட்டேன். நான் அளந்த அளப்பு அப்படி.

காப்புக் கட்டவில்லை. மத்தியானம் மீன் தின்றிருந்தேன். கவா குடித்திருந்தேன். மஞ்சள் துணி இல்லாததால் சாப்பாட்டு மேஜைமேல் விரிக்கிற துணியை இடுப்பில் கட்டிவிட்டார்கள். லோவோ குழியில் விறகை எரித்து, நெருப்புக் கங்குகளை அள்ளிப் பரப்பினார்கள். மெதுவாக நட, நடுவில் நின்று கும்பிடு, எல்லோரும் பார்க்க வேண்டும் என்றார் மேனேஜர்.

சூடே தெரியவில்லை பூவிழி. ஊரில்கூடக் கொஞ்சம் உறைக்கும். அன்றைக்குப் பாய்மேல் நடப்பதுபோல் இருந்தது. ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக் கண்ணை மூடி அங்கேயே நின்று கும்பிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே வந்து பார்த்தால் உள்ளங்கால் தோல் தனியாகக் கழன்று நிற்கிறது.

மேனேஜர் வெளியே சொல்லாதே என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். கால் வெந்தது என்று எழுதினால் நம் ஊரில் அதற்கு ஓர் அர்த்தம்தானே உண்டு? அதுவும் நீ லிட்டியா, லிட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது. அந்த அம்மாள்தான் தினமும் புண்ணைக் கழுவி, இலை வைத்துக் கட்டுகிறாள். போனில் நீ கேட்டாயே, டாக்டரிடம் போ என்கிற அந்த அதட்டல் அவளுடையதுதான். அவள் பெயரை எழுத எனக்குப் பயமாக இருந்தது.

சமையல்காரர் என்று எழுதியதும் என்னைத்தான். களிம்பு போட்டும் ஆறவில்லை. இடது கால் விரல்கள் கறுத்துவிட்டன. வாடை வருகிறது. ஆள் பாதியாகிவிட்டேன், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. இது ஆத்தா கொடுத்த தண்டனைதான். ஆனால் விளையாட்டாகத் தீ மிதித்ததற்குத்தான் தண்டனை, வேறு எதற்கும் இல்லை. எந்தப் பெண்ணையும் நான் தொடவில்லை. இந்தக் காலை வைத்துக்கொண்டு இதை உன்னிடம் எப்படி நிரூபிப்பேன்?

அம்மாவிடம் சொல்லாதே.

உன்
வளவன்


வடகுடி,
30 ஜூலை 2024

என் மாமாவுக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதைப் படிப்பீர்கள். காய்ச்சல் விட்டதா? வலி இருக்கிறதா?

போனில் எல்லாவற்றையும் கத்திவிட்டேன், ஆனாலும் எழுதாமல் முடியவில்லை. உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். 'சூடே தெரியவில்லை' என்ற இடத்துக்கு வந்ததும் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஃபாஜில் பாய் என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றார். "அவருக்கு சுகர் பாய், காலு மரத்துப்போச்சு, யாரும் பாக்கவே இல்ல" என்றேன். அங்கேயே நின்று தீவு ஆபீசுக்குப் போன் போட்டேன். மேனேஜர் வார இறுதியில் பார்க்கலாம் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவரைத் திட்டிய திட்டைக் கேட்டு, மருந்து வாங்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். லிட்டியா அம்மாவும் முனிசாமி அண்ணனும் மேனேஜரைக் கேட்காமலேயே உங்களைப் படகில் ஏற்றினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு என் கும்பிடு. அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

ரத்தத்தில் சர்க்கரை நானூறுக்கு மேல். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஏப்ரலில் வந்திருந்தால் எடுத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம்.

ஏப்ரலில் நீங்கள் எழுதத்தான் செய்தீர்கள். ஒரு மாதமாக ஆறாத தீப்புண் என்று. யாருக்கு என்றால் என்ன, கடைக்கு யார் வந்து அப்படிச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது சுகர் பார்த்தீர்களா என்றுதான். மாமனார் சுகரில்தான் போனார். சங்கு கிழித்தது தெரியவில்லை என்று அதற்கு முன்னாலேயே எழுதினீர்கள். எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. நான் அந்தக் கடிதத்தில் லிட்டியா பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். "அப்ப எம்புள்ள மேல தப்பில்லியா?" என்று கேட்டார்கள். "இல்ல அத்த, சுகரு" என்றேன். விளக்கேற்றினார்கள். நேற்றிலிருந்து குழாயடியில் அவர்கள் குரல்தான் பெரிதாகக் கேட்கிறது.

இப்போதுதான் மேட்டூரில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். நீங்கள் உடம்பைத் தேற்றிக்கொண்டு வாங்க. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
பூவிழி


நாடி, ஃபிஜி,
19 ஆகஸ்ட் 2024

அன்புப் பூவிழி,

புண் ஆறிவருகிறது. ஊன்றுகோல் வைத்து வராந்தா வரை போய் வருகிறேன். லிட்டியா ஞாயிறு தோறும் கோயில் முடிந்து நேரே இங்கே வந்துவிடுகிறாள். மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருகிறாள், அதை நான் தின்னக் கூடாது என்று நர்ஸ் பிடுங்கிக்கொள்கிறாள். அக்டோபர் கடைசியில் விமானம் ஏறலாம் என்கிறார்கள்.

போன் இப்போது கையிலேயே இருக்கிறது, தினமும் பேசுகிறோம். ஆனால் இதைப் போனில் கேட்க வாய் வரவில்லை.

சர்க்கரை என்று தெரிந்ததும் நீ என்னை நம்பிவிட்டாய். அம்மாவும் நம்பிவிட்டாள், ஊரும் நம்பிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சர்க்கரை இல்லை, கால் வெறுமனே வெந்துதான் போனது என்று டாக்டர் சொல்லியிருந்தால், என் பேச்சை மட்டும் வைத்து நீ என்னை நம்பியிருப்பாயா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன்
வளவன்


வடகுடி,
8 செப்டம்பர் 2024

அன்பு மாமாவுக்கு,

கட்டுப் பிரித்துவிட்டார்களா? ஊசியை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். நேரில் கேட்டீர்கள் என்றால், கோலை ஊன்றிக்கொண்டு நிற்கிற உங்களைப் பார்த்து, "நம்பிருப்பேன் மாமா" என்று சொல்லிவிடுவேன். நீங்களும் சரி என்று விட்டுவிடுவீர்கள். ஆயுசுக்கும் அது நம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கும்.

நம்பியிருக்க மாட்டேன்.

இது தெரிந்த பிறகும் நீங்கள் வருவதென்றால், திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். அத்தையை அழைத்து வரவில்லை. தனியாகத்தான் நிற்பேன்.

பூவிழி